கச்சான் காற்றும் புளிப்பு பியரும்: திருகோணமலை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 16, 2024, வெள்ளி

ஹபரணை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. விடிய மூன்று மணி. சாரதி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார், யாருக்கோ போன் எடுத்தார், பிறகு எல்லோரையும் இறங்கச் சொன்னார். யானை நடமாடும் இடமென்றபடியால் ஒருவரும் பஸ்ஸின் வெளிச்சத்தை விட்டு நகரவில்லை. எனக்கு மனமெல்லாம் காலடியில் இருந்த ரெஜிபோம் பெட்டியில்தான். லண்டனிலிருந்து காவிவந்த பியர் ரின்கள் அதற்குள் இருந்தன. கொழும்பில் போட்ட ஐஸ் பாதிக்குமேல் தண்ணீராகியிருந்தது.

நான் லண்டனில் ஒரு பியர்க் கடையில் வேலை செய்கிறேன். சிறிய புரூவரிகள் செய்யும் புளிப்பு பியர்களில் எனக்குப் பைத்தியம். அதிலும் சீஸ்கேக், மாம்பழ லஸ்ஸி என்று இனிப்புப் பண்டத்தின் பெயரோடு வரும் வகை. பழக்கூழ், வனிலா, பாற்சீனி எல்லாம் போட்டு, அற்ககோல் எட்டு, பத்து வீதம் வரைக்கும் கொண்டுபோவார்கள். பழக்கூழைப் பெரும்பாலும் நொதித்தல் முடிந்த பிறகுதான் சேர்ப்பார்கள். பழத்தின் சீனி அப்படியே ரின்னுக்குள் இருக்கும். சூடு பட்டால் மிஞ்சிக் கிடக்கிற ஈஸ்ட் திரும்ப வேலையைத் தொடங்கும். வாயு கூடும், ரின் வீங்கும், சிலவேளை வெடிக்கும். குளிரிலேயே வைத்திருக்கச் சொல்லி ரின்னிலே அச்சடித்து விடுவது இதற்காகத்தான்.

மூதூருக்குப் போகிற ஒரு வயதான அம்மா பக்கத்தில் நின்றார். நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு, “மகள், உள்ளுக்கு மருந்தா?” என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்லை அம்மா, பியர்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “எதென்டாலும் பழுதாகாமப் போய்ச் சேரட்டும்” என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துத் தந்தார்.

நாலரைக்கு எதிர்ப்பக்கமிருந்து ஒரு மீன் லொறி வந்து நின்றது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற லொறி. எங்கள் சாரதிக்கு அவர்களைத் தெரியும்போல. என்னோடு வந்த என் தம்பி போய்க் கேட்க, லொறிப் பொடியன் ஒரு பாளம் ஐஸை உடைத்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டான். நூறு ரூபா நீட்டினோம், வாங்கவில்லை. “மீன் மணக்கும் அக்கா, ஒண்டும் செய்யாது” என்றான்.

உப்புவெளிக்கு வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. காட்டைத் தாண்டி மேற்கிலிருந்து வருகிற வரண்ட காற்று, முகத்தில் பட்டால் தோல் இழுக்கும். கெஸ்ட் ஹவுஸ் அன்ரி எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, கேளாமலே தன்னுடைய பிரிட்ஜில் கீழ்த்தட்டை ஒழித்துத் தந்தார். ரின்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். எல்லாம் பாரை மீன் வாசம்.

ஆகஸ்ட் 17, சனி

மத்தியானம் உவர்மலையில் சித்தி வீட்டில் சாப்பாடு. நல்லூர்த் திருவிழா நடக்கிறபடியால் அங்கே சைவம். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், மோர்மிளகாய். கடைசியில் சித்தி ஒரு விளாம்பழத்தை நிலத்தில் தட்டி உடைத்து, சதையை வழித்து, பனங்கட்டியும் முதற்பாலும் விட்டுப் பிசைந்து கிண்ணத்தில் தந்தார்.

அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விளாம்பழத்தின் வாசம் ஏற்கெனவே பாதி நொதித்த வாசம். பழுத்த பழத்தைத் திறந்தாலே ஒரு வைன் மணம் மேலெழும். நாக்கில் முதலில் படுவது புளிப்பு. பிறகு பனங்கட்டியின் கரிய இனிப்பு, அதன் மேல் தேங்காய்ப்பால் ஒரு படலமாகப் படியும். விழுங்கினபின் வாயில் மிஞ்சுவது திரும்பவும் புளிப்பு. லண்டனில் ஒரு ரின்னுக்கு ஆறு பவுண், அதாவது இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்து நான் தேடுகிற ஒழுங்கு இதுதான். சித்தி அதை ஒரு அலுமினியக் கரண்டியோடு முன்னால் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

பின்னேரம் டவுனில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர்க் கறுப்பு பியரான லயன் ஸ்ரவுட் வேண்டியிருந்தது. கம்பிவலைக்கு முன்னால் நான் நின்றதும் வரிசையில் நின்ற ஆண்கள் இரண்டடி விலகி வழிவிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், மிகவும் தன்மையாக, “தங்கச்சி, கூட வந்த ஆரையும் அனுப்புங்கோ” என்றார். பெண்களுக்கு இப்படியான இடங்களில் மதுபானம் விற்கக்கூடாது என்ற ஒழுங்குவிதி 1979 இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாள்களுக்குள் ஜனாதிபதி திரும்பக் கொண்டுவரச் செய்தார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை, சட்டத்தில் நிறையவே இருக்கிறது. பியரைப் படித்து, அதையே தொழிலாக வைத்திருக்கிற நான் வெளியே வெயிலில் நின்றேன். ஸ்ரவுட்டுக்கும் லாகருக்கும் வித்தியாசம் தெரியாத தம்பி உள்ளே போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

இரவு அறைக்குள் முதல் ரின்னைத் திறந்தோம். ஸ்வீடனின் ஓம்னிபோலோ செய்யும் பியாங்கா வரிசையில் மாம்பழ லஸ்ஸி கோசே. கோசே என்பது ஜெர்மனியில் கோஸ்லார் நகரத்தில் பிறந்து லைப்சிக்கில் பேர்பெற்ற பழைய பியர். புளிப்போடு உப்பும் கொத்தமல்லியும் சேரும். லைப்சிக்கில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த இடமும் 1966 இல் நின்றுபோய், 1980களில்தான் திரும்ப உயிர் வந்தது. இந்த ரின்னில் மாம்பழமும் பாற்சீனியும் வேறு.

அன்ரி தந்த இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றினேன். கலங்கின மஞ்சள், மேலே மெல்லிய நுரை, அதுவும் உடனே போய்விட்டது. மாம்பழம் மணத்தில்தான் கூட, வாய்க்குள் புளிப்பும் உப்பும் முன்னுக்கு வந்தன. பகல் முழுக்க வியர்த்த உடம்புக்கு அந்த உப்பு என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை, கிளாஸ் காலியாகிவிட்டது. லண்டனில் இதே பியரை இரண்டாம் தரம் என்று நினைத்திருந்தேன். இந்த வெக்கையில் அது முதல் தரம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிலாவெளிப் பக்கம் ஒரு கள்ளுத் தவறணை. ஓட்டோக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் வைன் ஸ்டோர்ஸ் ஒன்றின் முன்னால் காலையிலேயே நீண்ட வரிசை. நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, ஒரு மதுக்கடையும் திறக்காது. சிலர் உரப்பையோடு நின்றார்கள்.

தவறணை என்றால் ஓலைக் கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு நீலப் பரல். நான் வெளியே வேப்பமர நிழலில் இருந்தேன், தம்பி உள்ளே போய்ப் பிளாஸ்டிக் ஜக்கில் தென்னங்கள்ளு வாங்கிவந்தான். பத்து மணிக்குக் குடித்தது கிட்டத்தட்ட இளநீரின் இனிப்பு, அடியில் மெல்லிய முட்டை வாசம். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர் இருந்தார். மரமேறின காலத்துத் தழும்பு இரண்டு முழங்கையிலும். நான் மணந்து மணந்து குடிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“இது விடிய இறக்கினது. ரெண்டு மணிக்கு வாங்கோ பிள்ளை, இதே கள்ளு வேற சாமானா இருக்கும்.”

இரண்டு மணிக்குப் போனோம். அவர் சொன்னது சரி. இனிப்புப் பெரும்பாலும் போய்விட்டது. புளிப்பு நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்தது, பின்னால் லேசான உறைப்பு. மேலே வெள்ளை நுரை நிற்காமல் பொரிந்துகொண்டிருந்தது. முட்டிக்குள்ளும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பற்றீரியாவும் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்கிற வேலை இது. ஈஸ்ட் சீனியை அற்ககோலாக்கும், லக்டிக் பற்றீரியா புளிப்பைத் தரும், இன்னும் வைத்தால் அசற்றிக் பற்றீரியா பிடித்து வினாகிரியாகிவிடும்.

நான் பிளாஸ்க்கில் ஐஸோடு ஒரு ரின் கொண்டுபோயிருந்தேன். எடின்பரோவில் 2018 இல் தொடங்கின வோல்ட் சிற்றி புரூவரியின் ஸ்ட்ரோபெரி ஸ்கைஸ், 8.5 வீதம். புளிப்பு பியரைப் பலமாகவும் இனிப்புப் பண்டமாகவும் செய்வதில் பிரித்தானியாவில் அவர்களுக்குத் தனிப்பேர். ஐயாவுக்கு ஒரு சின்னக் கோப்பையில் விட்டுக் கொடுத்தேன். கடும் சிவப்பு. அவர் முதலில் வெயிலுக்கு நேரே பிடித்து நிறத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல் கன்னத்துக்குள் வைத்திருந்தார். எங்கள் தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகச் சுவைப்பதில்லை.

“புளிப்பு நல்லாயிருக்கு” என்றார். “ஆனா புளிச்சு முடிஞ்ச பிறகு இனிப்பு ஏன் திரும்பி வருது?”

நான் ஒரு நிமிடம் பேசவில்லை. வருடக்கணக்காக இந்தப் பியர்களைப்பற்றி வாடிக்கையாளர்களுக்கு விளக்குகிறேன், இவ்வளவு குறுக்கி ஒருவரும் கேட்டதில்லை. காரணம் லக்டோஸ், பாற்சீனி. பியர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. மற்றச் சீனியெல்லாம் அற்ககோலாகிப் போன பிறகும் அது அப்படியே தங்கிநிற்கும். கள்ளில் போன இனிப்புப் போனதுதான். இதில் போகாத இனிப்பு ஒன்றைத் தெரிந்தே போடுகிறார்கள், ஐஸ்கிறீமின் கொழுப்பு உணர்வு வாயில் வரவேண்டும் என்பதற்காக. ஐயாவுக்கு இதைச் சொன்னேன். “அப்ப அதைக் கொஞ்சமாப் போடச் சொல்லுங்கோ” என்று கோப்பையைத் திருப்பித் தந்தார்.

தம்பி மீதி ரின்னை பழரசம் குடிக்கிற வேகத்தில் முடித்துவிட்டான். ஓட்டோவில் ஏறும்போதே கால் தடுமாறியது. அறைக்கு வந்து விழுந்தவன் இரவு எட்டுக்குத்தான் எழும்பினான். எழும்பினவனுக்கு டவுனில் முஸ்லிம் கடையொன்றில் வாங்கின வட்டிலப்பம் என்ற இனிப்புப் பண்டத்தையும் லயன் ஸ்ரவுட்டையும் கொடுத்தேன். ஸ்ரவுட் 8.8 வீதம், மத்தியானம் குடித்ததைவிடக் கூட. ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் இதைப் பாராட்டி எழுதியதால்தான் வெளிநாட்டில் பலருக்கு இந்தப் பியரைத் தெரியும். கறுப்பு, கோப்பி வாசம், தொண்டையில் சூடு. இரண்டு மிடறிலேயே தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “இது கடுமை” என்றான். பலத்தை இந்தப் பியர் மறைப்பதில்லை. பழமும் புளிப்பும் வனிலாவும் சேர்ந்த பியரில் அதே பலம் காதுக்குக் கேட்காமல் உள்ளே போகிறது. வெயில் நாட்டில் இதை ஒரு ரின்னுக்கு மூன்று பேர் என்று பிரித்துத்தான் குடிக்கவேண்டும், பகலில் தொடவே கூடாது.

ஆகஸ்ட் 19, திங்கள், போயா

காலையில் அன்ரி கதவைத் தட்டினார். கையில் ஒரு ரின். “பிள்ளை, இதைப் பாருங்கோ, கர்ப்பமா இருக்கு.”

உண்மையில் அடிப்பாகம் வெளியே தள்ளி, ரின் நிமிர்ந்து நிற்க மறுத்தது. ஹபரணையில் பட்ட சூட்டில் ஈஸ்ட் எழும்பியிருக்கிறது, பிரிட்ஜும் அதை அடக்கவில்லை. செரியும் வனிலாவும் போட்ட 9 வீதப் பியர். வாளியோடு பின்வளவுக்குக் கொண்டுபோனேன். தம்பி பத்தடி தள்ளி நின்றான். ஈரத் துவாயால் சுற்றிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளையத்தை மெல்ல நிமிர்த்தினேன். சீறின சீற்றத்தில் துவாய், மதில், கொடியில் காய்ந்த அன்ரியின் தலையணை உறை எல்லாம் செந்நிறம். வாளியில் மிஞ்சினது அரைக் கிளாஸ். அதைச் சுவைத்துப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், நன்றாயிருந்தது. பழச்சீனியில் பெரும்பகுதி தின்னப்பட்டு, செரியின் விதைக் கசப்பு மேலே வந்து, புளிப்புத் துலக்கமாக நின்றது. ஐயா கேட்ட பியர் இதுவாக இருக்கலாம், ஆனால் இப்படித் திறப்பதை ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உறைகளை நானே ஊறப்போட்டுத் தோய்த்தேன். அன்ரி கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. துவைத்து முடித்து வரும்போது, ஒன்றே ஒன்று கேட்டார்: “அறைக்குள்ள உங்கட விருப்பம். இண்டைக்கு மட்டும் முற்றத்தில வேண்டாம், போயா.” தடை விற்பனைக்குத்தான் என்றாலும் அவர் கேட்ட விதத்தில் அதைப்பற்றிப் பேச இடமில்லை. இருட்டுப்படும்வரை ஒன்றையும் திறக்கவில்லை. மத்தியானம் வீதிமுனையில் செவ்விளநீர், ஒன்று 150 ரூபா. கடல் பக்கம் வெறும் வெளிச்சம், கண்ணைத் திறக்க முடியவில்லை.

இரவு கடைசி ரின், எலுமிச்சை சீஸ்கேக், 10 வீதம். இந்த வகையைச் செய்கிறவர்கள் மால்ட்டை, அதாவது முளைவிட்ட தானியத்தை, ஊறவைத்து வடித்தெடுத்த சாற்றை நாற்பது பாகை அளவுக்கு ஆறவிட்டு, லக்டோபசிலஸ் என்ற லக்டிக் பற்றீரியாவைப் போட்டு, ஒன்றிரண்டு நாள் புளிக்க வைப்பார்கள். புளிப்புக் காணும் என்று பட்டதும் திரும்பக் கொதிக்கவைத்துப் பற்றீரியாவைக் கொன்றுவிட்டுத்தான் ஈஸ்ட் போடுவது. பெல்ஜியத்தின் லாம்பிக் என்ற பழைய புளிப்பு பியர், ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை மரப்பீப்பாயில் கிடந்து அடைகிற புளிப்பை, கொதிக்கவைக்கிற பாத்திரத்திலேயே இரண்டு நாளில் பிடிக்கிற வழி. கிடைப்பது நேரான புளிப்பு, லாம்பிக்கின் ஆழம் அதில் இராது. பிறகு பாற்சீனி, வனிலா, எலுமிச்சைத் தோல். சிலர் விசுக்கோத்துத் தூளையே மால்ட்டோடு ஊறவைப்பார்கள்.

பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ரின்னைத் தலைகீழாக இரண்டுமுறை மெல்ல உருட்டினேன், அடியில் படிந்தது கலப்பதற்கு. முதல் கிளாஸ் அருமை. எலுமிச்சை நறுக்கென்று, பின்னால் விசுக்கோத்து வாசம். குளிரில் நாக்கு இனிப்பை அவ்வளவாக உணராது. அறைக்குள் முப்பது பாகை. பத்து நிமிடத்தில் கிளாஸ் சூடாகத் தொடங்க, வனிலா வீங்கி எழுந்தது, எலுமிச்சை மங்கிப்போனது, பாகு மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாதியை நாங்கள் இருவரும் குடிக்கவில்லை. லண்டனில் ஜனவரி இரவில் இதே பியருக்கு நான் பத்துக்கு ஒன்பது புள்ளி கொடுத்திருந்தேன். புள்ளியை மாற்றியாகவேண்டும். புளிப்பு தாங்கிப்பிடிக்காத இனிப்பு, குளிர் இருக்கும்வரைக்கும்தான் நிற்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை கோணேசர் கோயில். கோட்டை வாசலுக்குள் மான்கள் படுத்திருந்தன. ஒன்று ஒரு அம்மாவின் அர்ச்சனைத் தட்டிலிருந்து வெற்றிலையை இழுத்தது, அவர் மீதியையும் அதற்கே கொடுத்துவிட்டு வேறு தட்டு வாங்கப் போனார். மேலே நல்ல காற்று.

திரும்பும்போது சித்தியின் மகன் வேனில் கொண்டுபோய் விட்டான். கந்தளாயில் வீதியோரம் எருமைத் தயிர்ச் சட்டிகள். ஒரு சட்டி ஐந்நூறு ரூபா. கடைக்கார அக்கா சட்டியைச் சரித்துக் காட்டினார், தயிர் அசையவில்லை. வாங்கில் இருத்தி, கித்துள் மரத்துப் பாகான கித்துள் பாணி விட்டு, தேங்காய்ச் சிரட்டைக் கரண்டியோடு தந்தார். எருமைத் தயிரின் கொழுப்புக் கனமானது, ஆனால் அடியில் புளிப்பு உறுதியாக நிற்கிறது. பாணியின் புகை வாசம் மேலே. அந்தச் சீஸ்கேக் ரின் செய்ய நினைத்து முடியாமல் போனது இங்கே ஐந்நூறு ரூபாவுக்கு இருக்கிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் லக்டோபசிலஸ் குடும்பம்தான்.

வேனிலிருந்தே லண்டனில் வீட்டில் பியர் செய்கிற சிநேகிதிக்குக் குரல்செய்தி அனுப்பினேன். கோதுமை சேர்த்த பேர்லினர் வைஸ்ஸ என்ற ஜெர்மன் புளிப்பு பியர், ஐந்து லீற்றர் மட்டும். லக்டோபசிலஸில் நன்றாகப் புளிக்கவிட வேண்டும். முதல் நொதித்தல் அடங்கினதும் விளாம்பழச் சதை. கித்துள் பாணி அதன்பிறகு. பாணியின் சீனியை ஈஸ்ட் தின்றுவிடும், தின்னட்டும், எனக்கு வேண்டியது அந்தப் புகை. உப்பு ஒரு சிட்டிகை. பழமாகக் கொண்டுபோக முடியாது, ஆகவே கொழும்பில் விளாம்பழ ஜாம் போத்தல்களும் பாணிப் போத்தல் இரண்டும் வாங்கப்போகிறேன். ஜாமில் சீனி கூட, அளவை அதற்கேற்பக் குறைக்கவேண்டும்.

அவள் உடனே திருப்பிக் கேட்டாள், லக்டோஸ் எத்தனை கிராம் என்று. போடவேண்டாம் என்று எழுதினேன்.